மூத்தம்மாவின் குரலை எந்தக் கோப்பில் வைப்பது?

எங்கள் வீட்டில் எல்லோருடைய தொலைபேசியிலும் ஒரு கோப்பு பொதுவாக இருக்கிறது. உம்மாவின் உம்மா, அதாவது எங்கள் மூத்தம்மா, யாஸீன் ஸூரா ஓதும் எம்.பி.3 கோப்பு அது. மூத்தம்மா 2019இல் வபாத்தானார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வியாழன் இரவும் உம்மா அதைப் போட்டுக் கேட்பது வழக்கம். கூடவே நாங்களும் கேட்போம்.

சென்ற நோன்புப் பெருநாளன்று சாச்சியின் ஆறு வயது மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் மூத்தம்மா தண்ணிக்குள்ள இருந்து ஓதுறாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். உம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மூத்தம்மாட ஸாத் இப்படி இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். மூத்தம்மா மூதூரில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே குர்ஆன் ஓதிக் கொடுத்தவர். ஸீனையும் ஸாதையும் ஒன்றாக உச்சரித்தால் எத்தனை தடவையானாலும் திருப்பி ஓத வைப்பார். அவருடைய ஸாதே இன்று எங்கள் தொலைபேசியில் ஸீனாகவும் இல்லை, ஸாதாகவும் இல்லை. ஏதோ ஓர் இரைச்சலாக இருக்கிறது.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. கோப்பின் விபரத்தைத் திறந்து பார்த்தேன். 48 கேபிபிஎஸ் என்றிருந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த விடுமுறையில் நானும் நானாவும் எங்கள் வீட்டு இறுவட்டுப் பெட்டியை இறக்கினோம். பழைய பிஸ்கட் தகரம் ஒன்றிலும் சப்பாத்துப் பெட்டி ஒன்றிலுமாக 112 இறுவட்டுகள் இருந்தன. கிராஅத், பயான், நாகூர் ஈ. எம். ஹனீபாவின் பாடல்கள், நானாவின் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, கலியாண வீட்டுப் பதிவுகள் என்று எல்லாம் கலந்து கிடந்தன. மூத்தம்மாவின் ஓதலும் அவற்றுள் ஒன்றில் இருந்தது. 1998இல் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கோடரில் ஒலிநாடாவாகப் பதிந்தது. 2009இல் சாச்சா அதை இறுவட்டாக்கினார். 2017இல் தெரிந்தவர் ஒருவர் அதைத் தொலைபேசிக்கு எம்.பி.3 ஆக்கித் தந்தார். அன்றிலிருந்து அந்த இறுவட்டை ஒருவரும் தொடவில்லை. கோப்புத்தான் இருக்கிறதே என்று நினைத்திருந்தோம்.

இறுவட்டை லெப்டொப்பில் போட்டோம். மூத்தம்மா ஓத ஆரம்பித்ததும் உம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைக்காமலே வந்துவிட்டார். ஸாத் ஸாதாக இருந்தது. பின்னால் சிறுமிகள் திருப்பி ஓதும் குரல்கள் தனித்தனியாகக் கேட்டன. இன்னும் தூரத்தில் மூதூர் இறங்குதுறையிலிருந்து புறப்படும் லோஞ்சின் ஊதலும் கேட்டது. இவ்வளவு காலமும் எங்கள் கையில் இருந்த கோப்பில் அந்தச் சிறுமிகளும் இல்லை, லோஞ்சும் இல்லை.

இதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இன்று பல வீடுகளில் இறுவட்டுகளைக் கணினிக்கு மாற்றுகிறார்கள். புதிய லெப்டொப்புகளில் இறுவட்டு போடும் இடமே இல்லாததால் மாற்றத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் எந்த வடிவத்தில் மாற்றுவது என்ற கேள்வியைக் கடைக்காரரிடமோ, கணினியில் முதலில் தெரியும் பொத்தானிடமோ விட்டுவிடுகிறோம். அதை நாமே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இறுவட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1982இல் விற்பனைக்கு வந்த ஒலி இறுவட்டு, ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட்களால் குறிக்கப்படும். அதாவது 65,536 படிகளில் ஒன்று. இடம், வலம் என இரண்டு வழிகள். இவற்றைப் பெருக்கினால் செக்கனுக்கு 14,11,200 பிட்கள். ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் வரும். இதை அப்படியே எடுத்துக் கோப்பாக்கினால் கிடைப்பது வேவ். 1991இலிருந்து பாவனையில் உள்ள வடிவம் இது. குறை ஒன்றுமில்லை; ஆனால் பெரியது. யார் ஓதியது, எப்போது பதிந்தது என்ற விபரங்களை அதற்குள் ஒழுங்காக எழுதி வைப்பதும் சிரமம்.

எம்.பி.3 ஜேர்மனியின் ஃபிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனத்தின் பெரும் பங்களிப்பில் உருவானது. அந்தப் பெயர் 1995இல் வந்தது. அதன் சூட்சுமம் மனிதக் காதைப் பற்றிய அறிவில் இருக்கிறது. ஒரு பெரிய சத்தம் கேட்கும்போது அதற்கருகே உள்ள சிறிய சத்தம் நமக்குக் கேட்பதில்லை. எம்.பி.3 அப்படிக் கேட்காதவற்றைக் கண்டுபிடித்து எறிந்துவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதுகிறது. செக்கனுக்கு 192 அல்லது 320 கிலோபிட் கொடுத்தால் அது எறிவது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. 48 மட்டும் கொடுத்தால் அதற்கு வேறு வழியில்லை. கேட்பவற்றையும் எறியத் தொடங்கும். முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்கள். ஸீன், ஸாத், தா போன்ற எழுத்துகளின் உராய்வு ஒலி அங்கேதான் இருக்கிறது. இறுவட்டில் இருந்த 1,411இல் 48ஐ மட்டும் வைத்துக்கொண்டால், 29 பங்கில் ஒரு பங்கைத்தான் வைத்திருக்கிறோம். எறிந்ததை எந்த மென்பொருளாலும் திருப்பி எடுக்க முடியாது. அந்த எம்.பி.3ஐ நாளை பெரிய வேவ் கோப்பாக மாற்றினாலும் கோப்புத்தான் பெருக்கும், குரல் வராது.

மூன்றாவது வழி ஃப்ளாக். 2001இல் முழுமையாக வெளிவந்த இந்த வடிவம் எதையும் எறிவதில்லை. போர்வையை மடித்துப் பெட்டிக்குள் வைப்பது போல எண்களை மடித்து வைக்கிறது. விரித்தால் ஓர் எண்கூட மாறாமல் பழையபடி வரும். பொதுவாக வேவின் பாதிக்கும் முக்கால்வாசிக்கும் இடைப்பட்ட அளவுக்குச் சுருங்கும். ஓதியவர் பெயர், வருடம், ஊர் எல்லாவற்றையும் தமிழிலேயே உள்ளே எழுதலாம். ஒலியின் சரிபார்ப்பு எண் ஒன்றும் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பத்து வருடத்தின் பின் கோப்பு பழுதாகியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். இது எந்தக் கம்பனிக்கும் சொந்தமானதல்ல. எவரும் இலவசமாகப் பாவிக்கலாம். ஒரு கம்பனி மூடப்பட்டால் நம் கோப்பும் மூடப்படுமோ என்ற பயம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நானா கேட்டார்: "சரி, 112 சீடியையும் ஃப்ளாக் ஆக்கி என்ன செய்யப் போற? ஹனீபாட பாட்டு எல்லா இடத்திலயும் கிடைக்கும். பயான் கேக்க எம்.பி.3 போதும். இடத்துக்கு ஆரு காசு குடுக்கிற?"

நானாவின் கேள்வி நியாயமானது. எனவே பெட்டியைத் தரம் பிரித்தோம். 112இல் 38 இறுவட்டுகள் ஏற்கெனவே எம்.பி.3 கோப்புகள் எழுதப்பட்டவை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் "ஒரே சீடியில் 150 பாட்டு" என்று விற்பார்களே, அவை. அவற்றை ஃப்ளாக் ஆக்குவது வீண் வேலை. உள்ளேயுள்ள கோப்புகளை அப்படியே கொப்பி பண்ணினால் போதும். இன்னொரு தடவை எம்.பி.3 ஆக மாற்றவும் கூடாது. நிழற்பிரதியை மீண்டும் நிழற்பிரதி எடுப்பது போல ஒவ்வொரு தடவையும் மங்கும். 67 கடையில் வாங்கிய ஒலி இறுவட்டுகள். இவற்றுக்கு நானா சொன்ன எம்.பி.3ஏ போதும், 192 அல்லது அதற்கு மேல் என்பது மட்டும் என் நிபந்தனை. மீதி 7 எங்கள் வீட்டுப் பதிவுகள். உலகத்தில் வேறெங்கும் பிரதி இல்லாதவை. என் வாதம் அந்த ஏழுக்காகத்தான்.

இடமும் ஒரு பிரச்சினையல்ல. ஒரு மணித்தியால இறுவட்டு ஃப்ளாக்கில் ஏறத்தாழ 350 மெகாபைட் என்று வைத்தால், ஏழுக்கும் இரண்டரை கிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். நானா தன் தொலைபேசியில் வைத்திருக்கும் கிரிக்கெட் வீடியோக்கள் அதைவிட அதிகம். கடை இறுவட்டுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஃப்ளாக் ஆக்கினாலும் 32 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் அடங்கும். 2000ஆம் ஆண்டளவில் இடம் விலை கூடியது, எம்.பி.3 அப்போது தேவைப்பட்டது. இன்று இடம் மலிவு, குரல்தான் கிடைக்காதது. பழைய காலத்துச் சிக்கனத்தை இன்னும் செய்துகொண்டிருக்கிறோம்.

அந்த ஏழில் ஐந்துதான் திறந்தன. இரண்டு திறக்கவில்லை. ஒன்றின் மேல் யாரோ போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதியிருந்தார்கள். மற்றது ஜன்னலோரம் வெயிலிலும் கடற்காற்றிலும் பல வருடங்கள் கிடந்தது. இறுவட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பத்திரமாகப் பிடிக்கிறோம். உண்மையில் பதிவு இருப்பது பெயர் எழுதும் மேற்பக்கத்துக்குக் கீழே, மெல்லிய பூச்சு ஒன்றின் அடியில். அடிப்பக்கக் கீறலைச் சில வேளைகளில் மினுக்கிச் சரிசெய்யலாம். மேற்பக்கம் உரிந்தால் பதிவும் சேர்ந்து போய்விடும். அதிலும் நாம் வீட்டில் எழுதும் இறுவட்டுகளில் பதிவு சாயப் பூச்சு ஒன்றில் எழுதப்படுகிறது. சூடும் வெளிச்சமும் அந்தச் சாயத்துக்கு எதிரி. கப்பல்துறை போன்ற கடலோர ஊர்களில் இரண்டுக்கும் குறைவில்லை.

திறக்காத இறுவட்டு ஒன்றில் மூத்தம்மா பேசியிருந்தார்களாம். சின்ன வயதில் மூதூரிலிருந்து லோஞ்சில் திருகோணமலைக்கு வந்தது, தன் கலியாணம், 1978 சூறாவளி என்று எல்லாவற்றையும் பற்றி. அதன் மூல ஒலிநாடா மூதூர் வீட்டில் இருந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கந்தளாய்க்கு ஓடியபோது மூத்தம்மாவும் உடுத்த உடுப்போடு போனார். திரும்பி வந்தபோது அந்த ஒலிநாடா இருக்கவில்லை. வாப்பாவின் தொழிலுக்காக நாங்கள் கப்பல்துறைக்கு வந்திருந்ததால் உம்மாவிடம் இருந்த பிரதிகள் மட்டும் தப்பின. அப்படித் தப்பியதைத்தான் நாங்கள் ஜன்னலோரம் வைத்துத் தொலைத்தோம்.

இங்கே நான் என் வாதத்தின் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு 48 கேபிபிஎஸ் எம்.பி.3 ஆகவாவது யாருடைய தொலைபேசியிலாவது இருந்திருந்தால் நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். மோசமான பிரதியும் இல்லாத பிரதியைவிட மேல். 2017இல் எம்.பி.3 ஆக்கித் தந்தவர் எங்களுக்கு நன்மைதான் செய்தார். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் இத்தனை வருடங்களும் உம்மா எதைக் கேட்டிருப்பார்? பிழை எங்களுடையது. பிரதி கிடைத்ததும் மூலத்தை மறந்துவிட்டோம்.

மூலத்தைக் காப்பது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. யமாமா போரில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானதன் பின், அபூபக்ர் (ரழி) அவர்களின் காலத்தில் ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டினார்கள். அந்தப் பிரதி அபூபக்ர் (ரழி) அவர்களிடமும், பின் உமர் (ரழி) அவர்களிடமும், அதன்பின் உமரின் மகளார் ஹப்ஸா (ரழி) அவர்களிடமும் இருந்தது. உஸ்மான் (ரழி) அவர்கள் ஊர்களுக்கு அனுப்பப் பிரதிகள் எடுத்தபோது அதை ஹப்ஸா நாயகியிடம் கேட்டு வாங்கி, எழுதி முடிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அல்லாஹ்வின் வேதத்தோடு எங்கள் வீட்டுப் பதிவுகளை ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். பிரதிகள் ஊர்களுக்குப் போயின. மூலம் நம்பிக்கையான ஒரு பெண்ணின் கையில் பத்திரமாக இருந்தது. பகிர்வதற்கு ஒன்று, காப்பதற்கு ஒன்று என்று இரண்டும் தேவை என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

எம்.பி.3ஆ ஃப்ளாக்கா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பிழையான கேள்வி. காப்பதற்கு ஃப்ளாக்; கேட்பதற்கும் கொடுப்பதற்கும் எம்.பி.3. உலகின் ஒலி ஆவணக் காப்பகங்களும் காப்புப் பிரதிக்கு ஒலியை எறியாத வடிவங்களையே பரிந்துரைக்கின்றன. ஃப்ளாக்கிலிருந்து எத்தனை எம்.பி.3 வேண்டுமானாலும் எடுக்கலாம். நாளை வேறொரு வடிவம் வந்தால் அதையும் எடுக்கலாம். எம்.பி.3இலிருந்து ஃப்ளாக்கை எடுக்க முடியாது. இது ஒருவழிப் பாதை.

வடிவத்தைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் எங்கள் வீட்டில் எழுந்தது. ஐந்து இறுவட்டுகளில் ஒன்று சாச்சியின் கலியாண வீட்டில் பெண்கள் தங்களுக்குள் பாடியது. தெளிவாகக் கேட்டதும் சாச்சியின் மகன் உடனே வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்றான். உம்மா மறுத்தார். "அவங்க பொம்புளைகளுக்கிடையில பாடினாங்க. வெளியில போறதுக்கு நம்ம ஆரும் அனுமதி கேக்கல்ல" என்றார். முதலில் எனக்கு இது கட்டுப்பாடாகத் தோன்றியது. யோசித்தபோது உம்மா சொன்னது சரியென்று பட்டது. பாடியவர்களில் மூவர் இன்று நம்மோடு இல்லை. அவர்களிடம் கேட்க முடியாது. எனவே அதையும் ஃப்ளாக்காகக் காத்தோம். ஆனால் எம்.பி.3 பிரதி எடுக்கவில்லை. கேட்க விரும்பும் குடும்பப் பெண்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாம். ஒன்றைப் பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. சிலர் பரப்ப விரும்பாததால் பதிவையே அழித்துவிடுகிறார்கள். சிலர் பாதுகாக்கிறோம் என்று ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

இதற்கு மாறாக, ஊருக்குப் பொதுவான பதிவுகளும் இருக்கும். பக்கீர் பைத், களிகம்பாட்டப் பாடல்கள், பாடசாலை விழாப் பேச்சுகள் போன்றவை ஒரு வீட்டுப் பெட்டியில் முடங்கத் தேவையில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்ப்பதற்காக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இன்று ஒலிப்பதிவுகளையும் ஆவணகம் என்ற தளத்தில் சேர்த்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஒரே இடத்தில் மட்டும் இருந்தவை என்னவாயின என்பதை நாம் அறிவோம். உரியவர்களின் சம்மதத்தோடு ஊர்ப் பதிவுகளை அங்கு கொடுப்பது நல்லது.

பெற்றோருக்கும் என் வயதுத் தோழிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். இன்றிரவே இறுவட்டுப் பெட்டியைத் திறந்து வீட்டுப் பதிவுகளைத் தனியே எடுங்கள். அவற்றைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கடை இறுவட்டுகள் காத்திருக்கும். இறுவட்டைத் தவறில்லாமல் வாசிக்கும் எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி போன்ற இலவச மென்பொருளைப் பாவியுங்கள். பழுதான இடத்தை அது மீண்டும் மீண்டும் வாசித்துப் பார்க்கும், முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லும். கடையில் கொடுப்பதானால் "ஃப்ளாக் அல்லது வேவ் ஆக்கித் தாருங்கள்" என்று வாய்திறந்து கேளுங்கள். கோப்பின் பெயரில் ஆள், ஊர், வருடம் மூன்றையும் தமிழில் எழுதுங்கள். "ட்ரக் 01" என்ற பெயரில் உங்கள் பேரப்பிள்ளை யாரைக் கண்டுபிடிப்பாள்? மூன்று பிரதிகள் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். எங்களுடையது கிண்ணியாவில் மாமியின் அலுமாரியில் இருக்கிறது. வட்ஸ்அப்பில் அனுப்பும்போது இன்னொரு தொலைபேசியில் ஓடவிட்டுக் குரல் பதிவாக்காமல், கோப்பை ஆவணமாக அனுப்புங்கள். அப்போது மாறாமல் போகும். மாற்றி முடிந்ததும் இறுவட்டை எறியாதீர்கள்.

கடைசியாக, பெட்டியில் இல்லாத குரல்களும் இருக்கின்றன. இன்னும் நம்மோடு இருக்கும் மூத்தம்மாக்களும் மூத்தாப்பாக்களும் பேசுவதற்குக் காத்திருக்கிறார்கள். ஒக்டோபர் 27ஆம் திகதி ஒலி, ஒளி மரபுக்கான உலக தினமாக யுனெஸ்கோவால் அனுஷ்டிக்கப்படுகிறது. அன்று நம் கல்லூரி மாணவிகள் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அரை மணித்தியாலம் பேச வைத்துப் பதிந்தால் என்ன? இந்த யோசனையை ஆசிரியைகளின் முன் பணிவோடு வைக்கிறேன்.

நாங்கள் பழைய கோப்பை அழித்துவிடவில்லை. ஆனால் இப்போது வியாழன் இரவுகளில் உம்மா கேட்பது புதியதை. சென்ற வாரம் சாச்சியின் மகளும் வந்திருந்தாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இந்தப் புள்ளைகள் ஆரு?" என்றாள். உம்மா ஒலியைச் சற்றுக் கூட்டி, பின்னால் ஓதும் சிறுமிகளில் ஒரு குரலைச் சுட்டிக் காட்டினார். "இது உங்கட உம்மா. அப்ப அவவுக்கு ஏழு வயசு."

க.பொ.த. உயர்தர மாணவி,
கப்பல்துறை